மலை அழகு யாருக்கு?

ஊர் விட்டு ஊர் போவதற்கு நம் முன்னோர்க்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்திற்குக் கோபுரம் ஒன்று இருக்க வேண்டும், குளம் ஒன்று இருக்க வேண்டும், காணிக்கைக்கு நீளும் தட்டு ஒன்றும் இருக்க வேண்டும்! பாவம் தொலைக்கக் காசிக்குப் போனால் அவன் பக்தன். பழனிக்கு நடந்தால் அவன் நேர்த்திக்கடன் கழித்தவன். 'மலை அழகாக இருக்கிறதாம், போய்ப் பார்த்து வருகிறேன்' என்று ஒருவன் புறப்பட்டாலோ, அவன் ஊர்சுற்றி! உழைத்துக் களைத்தவன் ஓய்வு கொள்வதற்கும், கண் படைத்தவன் காட்சி காண்பதற்கும் கடவுளின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று விதித்து வைத்திருந்தது வைதீகம்.

அந்தக் கடிதம் வேண்டாம் என்றவர்கள் நாம். மலையை மலையாகவே காண்போம். அதன் உச்சியில் ஒரு சிலை இருந்தால்தான் ஏறுவோம் என்று அடம்பிடிக்க மாட்டோம். அருவியில் குளிப்போம், குளித்தது உடல் அழுக்குப் போக, உள்ளம் குளிர. முற்பிறவிப் பாவம் போகவன்று! புண்ணியக் கணக்கு எழுதாத பயணமே பகுத்தறிவாளன் பயணம். எனவே இன்பப் பயணம் என்றதும் முகம் சுளிக்கும் துறவிக் கூட்டத்தில் நாம் இல்லை. இளைஞர்களே, செல்லுங்கள், காணுங்கள், மகிழுங்கள் என்றே கூறுவோம்.

தமிழனுக்குப் பயணம் புதிதுமன்று. பத்துப்பாட்டிலே ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் நான்கு, வறுமையில் வாடும் கலைஞனை வள்ளலிடம் செல்ல வழிகாட்டுவன. மலைபடுகடாம் என்னும் நூலை எடுத்துப் பாருங்கள். எந்த வழியில் வழுக்கும், எந்தச் சரிவில் விலங்கு வரும், எந்தச் சிற்றூரில் இரவு தங்கலாம், அங்கே என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் அடுக்கிச் சொல்கிறது அந்நூல். பரிசில் தேடிய பயணம்தான் அது, பொழுதுபோக்கு அன்று. ஆயினும், குறவர் குடிசையிலும் ஆயர் மனையிலும் வழிப்போக்கனுக்கு உணவு உண்டு என்று புலவன் உறுதி கூறி அனுப்புகிறான். 'நீ எந்தச் சாதி?' என்று வாயிலில் நிறுத்திக் கேட்பார்கள், எச்சரிக்கையாயிரு என்று அவன் எழுதவில்லை.

பிற்காலத்தில் அந்தக் கேள்வி வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பியவன் எதிர்கொள்ளும் முதல் கவலை இரவு எங்கே தங்குவது, எங்கே உண்பது என்பதுதானே? அங்கேதான் சனாதனம் வந்து உட்கார்ந்தது. சத்திரம் கட்டினான் வணிகன். சாப்பாடு கிடைத்தது ஒரு சாதிக்கு! 1904-ஆம் ஆண்டில் காசிக்குச் சென்ற ஈ. வெ. ராமசாமி என்ற இளைஞர், பசியோடு நின்ற சத்திர வாயிலில் பார்ப்பனரல்லாதார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். அச்சத்திரத்தைக் கட்டியவரோ தென்னாட்டுத் திராவிட வணிகர் ஒருவர்! பசித்த வயிற்றுக்கு எச்சில் இலையே மிஞ்சியது என்று பெரியாரின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஒரு பயணியின் பசியில் விழுந்த விதை அது. விளைந்தது என்னவென்று நாடறியும்.

ரயில் வந்தது. இரும்புத் தண்டவாளத்துக்குச் சாதி தெரியாது. ஆனால் ரயில் நிலையத்து உணவு விடுதிக்குத் தெரிந்திருந்தது! பிராமணருக்கு ஓர் இடம், இதரருக்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருந்தனர். தொடர்ந்து எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1941-இல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. பிறகு அரசியல் சட்டமே வந்து, 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், கடைகள், உணவு விடுதிகள், தங்கும் விடுதிகள், பொது மக்கள் பொழுதுபோக்கும் இடங்கள் ஆகியவற்றுள் நுழைவதற்குச் சாதியோ மதமோ பிறந்த ஊரோ தடையாகக் கூடாது என்று எழுதியது. இன்று நம் இளைஞன் ஒருவன் கைப்பேசியிலே விரலை வைத்து, கொடைக்கானலில் ஓர் அறையைப் பிடித்துவிடுகிறானே, அந்த விரலுக்குப் பின்னால் எத்தனை போராட்டம், எத்தனை சிறைவாசம், எத்தனை பேர் பட்ட அவமானம் இருக்கிறது என்பதை அவன் ஒரு முறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

சமவெளியில் சனாதனம் காவல் நின்றதென்றால், மலைமேல் நின்றது மற்றொரு காவல், வெள்ளைக்காவல்.

கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலமலை ஏறினார். 1822-இல் உதகையில் கல் வீடு கட்டத் தொடங்கினார். ஓடையை மறித்து ஏரி அமைத்தார். தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் வாழ்ந்த மலை, வெயில் தாங்காத துரைமார்களின் கோடை வீடாயிற்று. சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிற்று. 1848-இல் தாவரப் பூங்கா அமைந்தது. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் ரயில் ஓடிற்று. 46 கிலோமீட்டர் தொலைவு. 208 வளைவுகள், 16 குகைவழிகள், 250 பாலங்கள். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, செங்குத்தான சரிவில் வண்டி பின்னோக்கி உருண்டுவிடாதபடி, தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்களைக் கவ்விக்கொண்டு சக்கரம் ஏறுகிறது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமையும் அதற்கு வந்தது. விஞ்ஞானத்தின் வெற்றி அது, மறுக்கவில்லை, மகிழ்கிறோம். ஆனால் திட்டம் தீட்டியவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. குளிரில் நின்று பாறை பிளந்தவர் பெயர் எந்தப் பாலத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது?

துரைமார் போய்விட்டனர். சல்லிவனின் கல் வீடு இன்று அரசினர் கலைக் கல்லூரியின் வளாகத்தில் நிற்கிறது. கலெக்டர் துரை குளிர் காய்ந்த இடத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கல்வி பயில்கின்றனர். இதைவிட நல்ல முடிவு ஒரு பங்களாவுக்கு வேறென்ன வேண்டும்? எல்லாப் பங்களாக்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. தேயிலைத் தோட்டங்களின் நடுவே துரைமார் வாழ்ந்த வீடுகள் பல, இன்று தங்கும் விடுதிகள். 'பாரம்பரிய பங்களா' என்று பெயர். துரை வாழ்ந்த வீட்டில் துரையாகவே வாழ்ந்து பாருங்கள் என்பது போல் அழைக்கின்றன விளம்பரங்கள். விடுதலை பெற்ற நாட்டிலே, ஒரு நாள் துரையாக வாழ்வதற்கு வாடகை!

அத்தகைய பங்களா ஒன்றில், குன்னூரை அடுத்த தோட்டப் பகுதியில், நாமும் தோழர் இருவரும் இரண்டு நாள் தங்கினோம். அழகில்லை என்று கூறினால் அது பொய். சாய்ந்த ஓட்டுக் கூரை. நடந்தால் மெல்ல ஒலிக்கும் மரத்தளம். மாலையில் கணப்பில் விறகு எரியும் மணம். விடியலில் சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கெல்லாம் பால் நிரம்பியது போல் பனி. பனி விலக விலக, சீவிவிட்ட தலைபோல் வரிசை வரிசையாய்த் தேயிலை. அதற்கு அப்பால், வெட்டுக்குத் தப்பிய சோலைக்காட்டின் கரும்பச்சை. கூடத்துச் சுவரிலோ, முன்னாள் துரைமார் வேட்டைத் துப்பாக்கியுடன் நிற்கும் படங்கள். அறைதோறும் ஒரு மணி. அடித்தால் ஆள் வருவார்.

வந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். தேநீர்த் தட்டை வைத்துவிட்டு, சுவரோரமாய் ஒதுங்கி நின்றார். உட்காருங்கள் என்றோம், உட்காரவில்லை. எத்தனை ஆண்டாக இங்கே பணி என்று கேட்டோம்.

"முப்பத்தெட்டு வருசம் ஆச்சுங்க ஐயா. பொறந்தது சிலோன்ல, அட்டன் பக்கம். பத்து வயசுல அப்பா அம்மாவோட தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல எறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தோம். அங்கேருந்து இந்த மலைக்கு."

இந்த மூன்று வாக்கியத்துக்குள் ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து வெள்ளையன் அழைத்துப்போன மக்கள், இலங்கையின் காடு திருத்திக் காப்பியும் தேயிலையும் விளைத்தனர். 1948-இல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பிறகு முடிவாகும்! மூட்டைகளைப் பங்கிடுவது போல் மனிதரைப் பங்கிட்டனர். வந்தவர்களின் மறுவாழ்வுக்கென்று 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. பெரியவரின் பெற்றோர் அந்தத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். அவர் பங்களா வேலைக்கு வந்துவிட்டார்.

"இந்தப் பங்களாவில் நீங்கள் குடும்பத்தோடு ஒரு நாளாவது தங்கியதுண்டா?"

சிரித்துவிட்டார் பெரியவர். "நாங்க எப்படிங்க ஐயா தங்குறது? இது கெஸ்டுக்கு."

விடுப்புக் கிடையாதா என்றோம். உண்டாம். எங்கே போவீர்கள் என்றோம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போவாராம். மனைவிக்கு உடம்புக்கு முடியாதபோது கோவை ஆசுபத்திரிக்குப் போயிருக்கிறாராம். அவ்வளவுதான். மலை ரயிலில் போனதுண்டா என்று கேட்டோம்.

"கை காட்டியிருக்கேங்க. பேரப்புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி, ரயில் வர்றப்போ நின்னு கை காட்டுவோம். உள்ளே இருக்கிறவங்களும் கை காட்டுவாங்க."

குறையாக அவர் சொல்லவில்லை, மகிழ்ச்சியாகவே சொன்னார். அதுதான் நம்மைச் சுட்டது. உலகின் பல மூலைகளிலிருந்து மக்கள் வந்து பார்க்கும் வண்டி, அவர் வாசல் வழியே ஓடுகிறது. அதில் ஏற முடியாது என்று எந்தப் பலகையும் தொங்கவில்லை. சட்டம் தடுக்கவில்லை, சாதி தடுத்ததாக அவர் கூறவில்லை. ஆனால் அது தமக்குரியது என்ற எண்ணமே அந்த நெஞ்சில் முளைக்காதபடி முப்பத்தெட்டு ஆண்டுக்கால வாழ்க்கை பார்த்துக்கொண்டது. வாசலில் நின்று தடுப்பவனை எதிர்க்கலாம். 'நாங்க எப்படிங்க ஐயா' என்று உள்ளே இருந்து தடுக்கும் குரலை எப்படி எதிர்ப்பது?

மாலையில் அவருடன் இறங்கி அவர் வீட்டுக்குச் சென்றோம். பங்களாவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, மேட்டுக்குக் கீழே மறைந்திருந்தது லயம். ஒட்டி ஒட்டி ஒரே நீளமாய் வீடுகள். ஒவ்வொன்றும் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. மழை ஒழுகும் இடத்தில் தகரத்தின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கல். பல வீட்டுக்கும் ஒரே குழாய். தேநீர் தந்தார்கள். பங்களாவில் நமக்கு வந்தது வாசனை வீசும் இலைத் தேயிலை. இங்கே வந்தது தூள். அதே மலை, அதே பனி, அதே பள்ளத்தாக்கு. மேலே நின்று பார்த்தால் அது காட்சி. கீழே இருந்தால் அதுவே குளிர்!

இதற்குச் சட்டம் இல்லாமற் போகவில்லை. 1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் தரவேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிட்டது; 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு என்றும் எழுதியது. ஏட்டில் எழுதியது வீட்டுக் கூரைக்கு ஏறவில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின்மீது மண்ணும் பாறையும் வந்து விழுந்தன. 70 உயிர்கள் போயின. மூணாறு எத்துணை அழகிய இடம் என்று கூறாத பயணி இல்லை. அந்த அழகைத் தம் கைகளால் பச்சைப் பசேலென வளர்த்தவர்கள், சரிவின் அடியிலே வரிசை வீட்டில் படுத்திருந்தார்கள் என்பது அந்த இரவுக்குப் பிறகுதான் பலருக்குத் தெரிந்தது.

இதைக் கேட்கும் நண்பர் சிலர் கூறுவர்: 'ஓய்வுக்குப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு? ஏழைமையை எண்ணினால் மகிழ்ச்சி கெட்டுவிடும். போவதே பாவம் என்கிறீர்களா?' இல்லை நண்பர்களே! பாவம் என்ற சொல் நம் அகராதியில் இல்லை. ஓய்வு ஒருவனுக்கு உண்டு, ஒருவனுக்கு இல்லை என்பதுதான் குற்றம். ஓய்வைத் துறப்பது அதற்குத் தீர்வன்று. ஓய்வைப் பொதுவாக்குவதே தீர்வு.

உலகத் தொழிலாளி கேட்டது என்ன? எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் தனக்கென்று! 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடியபோது எழுந்த முழக்கம், கூலி உயர்வுக்கு மட்டுமா? பிரான்சு நாட்டிலே 1936-இல் தொழிலாளர் திரண்டு வேலை நிறுத்தம் செய்தனர்; ஆலைக்குள்ளேயே அமர்ந்தனர். அதன் பயனாய் வந்த சட்டம், ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை வழங்கிற்று. லாக்ராஞ்சு என்ற அமைச்சர் அத்தோடு நிற்கவில்லை. விடுமுறை கொடுத்துவிட்டு, போக வழியில்லாமல் வீட்டில் முடங்கச் சொல்வது என்ன நீதி என்று எண்ணி, தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது குறைத்தார். கடலைப் படத்தில் மட்டுமே கண்டிருந்த குடும்பங்கள் கடற்கரைக்குச் சென்றன. 1948-இல் ஐக்கிய நாடுகள் மன்றம் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆம் விதி, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் மனிதனின் உரிமை என்று கூறுகிறது. சலுகை அன்று, பரிவு அன்று — உரிமை!

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தோன்றியது. பூம்புகாரில் 1973-இல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. பயணிகள் தங்குவதற்குக் கிளிஞ்சல் வடிவில் குடில்களும் அமைந்தன. மூழ்கிப் பாவம் தொலைக்க அன்று, மூதாதையர் வாழ்வை எண்ணிப் பார்க்கக் கடற்கரைக்கு வாருங்கள் என்று ஓர் அரசு மக்களை அழைத்தது. அந்த வழியை இன்னும் அகலமாக்கலாம். தோட்டத் தொழிலாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை குடும்பத்தோடு சென்று தங்கிவர, அரசு விடுதிகளில் சில அறைகள், ரயிலில் சில இருக்கைகள். இயலாத காரியமா இது? அரசு ஊழியர்க்கு விடுப்புப் பயணச் சலுகை உண்டு என்றால், அவர் அருந்தும் தேநீருக்குக் கொழுந்து பறித்தவளுக்கு ஏன் கூடாது?

மலைக்கும் ஒரு நியாயம் உண்டு. யானை நடக்கும் சீகூர் வழித்தடத்தில் விடுதி கட்டிக்கொண்டு, 'காட்டின் நடுவே உறங்குங்கள்' என்று அழைத்தவர்களை, 2011-இல் சென்னை உயர்நீதிமன்றமும் 2020-இல் உச்சநீதிமன்றமும் விலகச் சொல்லின. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் வந்து குவிந்ததால், நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கட்டுப்பாடு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தைக் குறைக்கிறோம் என்ற பெயரில் பேருந்தில் வரும் ஏழையைக் குறைத்து, காரில் வரும் சீமானுக்கு வழிவிடும் நிலை வராதபடி விழிப்பாயிருக்க வேண்டியது நம் கடமை. முன்பு துரைக்காகக் காலியாயிருந்த மலை, மீண்டும் பணத்துக்காகக் காலியாகக் கூடாது!

ஆகவே, பயணப் பையை எடுக்கும் இளைஞர்களே, போகும் இடத்தில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த மலையில் முன்பு வாழ்ந்தவர் யார், இன்று எங்கே? இந்த விடுதியைக் கட்டியவர் யார்? உங்கள் படுக்கையை விரித்தவர் இரவில் எங்கே படுக்கிறார்? அவருக்கு விடுமுறை உண்டா, அந்த விடுமுறையில் அவர் எங்கே போகிறார்? கேட்டால் விடுதிக்காரர் முகம் மாறலாம், மாறட்டும். பணியாளரை நிற்க வைத்துப் பேசாதீர்கள். அவருக்கென்று தருவதை அவர் கையிலேயே தாருங்கள். தொழிற்சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நியாயமாக ஊதியம் தரும் விடுதியை நாலு பேருக்குச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், கண்ட காட்சியோடு கண்ட நிலைமையையும் எழுதுங்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

வழிபாட்டுக்கென்று இருந்த பயணத்தை மகிழ்ச்சிக்கென்று மாற்றினோம். ஒரு சாதிக்கென்று இருந்த சத்திரத்தைப் பொதுவாக்கினோம். வெள்ளையனுக்கென்று இருந்த மலையை மீட்டோம். எஞ்சியிருப்பது ஒன்று: காசு உள்ளவனுக்கென்று இருக்கும் ஓய்வை உழைப்பவன் அனைவருக்கும் உரியதாக்க வேண்டும். மலையின் எழிலுக்கு எவரும் பட்டா வாங்கியதில்லை. அதைக் காண்பதற்கு ஒரு நாளும், காண வந்த இடத்தில் தலைசாய்க்க ஓர் அறையும், அம்மலையைப் பசுமையாக்கிய கைகளுக்கே முதலில் உரியவை. அந்த நாள் வரும்வரை நம் பயணம் முடிந்ததாகாது.